திறவாத உறைகள்

எங்கள் வீட்டு முன்னறையில், சுவரோடு பொருத்திய சிறு மரத்தட்டில், மடு மாதாவின் திருச்சுரூபம் ஒன்று இருக்கிறது. ஊரைவிட்டுப் புறப்பட்ட வேளையில் பையில் வைத்துக் கொண்டுவந்த மிகச் சில பொருட்களுள் அதுவும் ஒன்று. 2022ஆம் ஆண்டு யூன் மாதம் தொடங்கி ஒக்ரோபர் வரையில் அந்தச் சுரூபத்தின் பின்புறம் பழுப்புநிற உறைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தன. உறைகள் பெருகப் பெருக மாதா முன்னோக்கித் தள்ளப்பட்டுத் தட்டின் விளிம்புக்கே வந்துவிட்டார். விழுந்துவிடுவாரோ என்று அஞ்சினோமே தவிர, பின்னால் இருப்பவற்றை எடுத்துத் திறந்துபார்க்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

அதே தட்டில் வேறொரு கட்டு உறைகளும் இருந்தன. அவை வெள்ளை நிறமானவை. இலண்டனில் எங்கள் பங்கில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இலக்கமிட்ட காணிக்கை உறைகளை ஒரு பெட்டியில் இட்டுத் தருவார்கள், ஞாயிறுக்கு ஒன்று. சனிக்கிழமை இரவு பத்துப் பவுணை அதனுள் வைத்து ஒட்டிவிடுவோம். ஒரு வாரமேனும் தவறியதில்லை என்பதில் எங்களுக்கு உள்ளூரப் பெருமிதமும் இருந்தது. ஒருவகை உறையை ஒட்டத் தெரிந்த எங்களுக்கு மற்றவகை உறையைத் திறக்கத் தெரியாமற் போனது எவ்வாறு என்பதையே இங்கு எழுத முற்படுகிறோம். இலண்டனில் இருப்பவர் கையில் எப்பொழுதும் காசு உண்டு என்று நம்பும் ஊர் வாசகர்கள் இதனைப் படிக்க வேண்டும் என்ற எண்ணமும் இல்லாமலில்லை. அந்த நம்பிக்கையை வளர்த்தவர்களும் நாங்களேதாம்.

பழுப்பு உறைகள் கவுன்சில் வரிக்கானவை. இங்குள்ள தமிழர் ‘கவுன்சில் ரக்ஸ்’ என்பர். நம் ஊரில் பெரியோர் சோலைவரி என்று சொல்லக் கேட்டிருக்கிறோமே, ஏறத்தாழ அதுபோன்றது. ஆனால் அங்கே ஆதனத்தின் சொந்தக்காரர் செலுத்துவது, இங்கே பெரும்பாலும் வாடகைக்குக் குடியிருப்பவரின் தலையில் விழுகிறது. இதற்கு முன்னர் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு தலைவரி இருந்தது. ஸ்கொட்லாந்தில் 1989இலும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990இலும் அது வந்தது. 1990 மார்ச் 31ஆம் நாள் இலண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் அதனை எதிர்த்து எழுந்த கலவரம் பலருக்கு நினைவிருக்கலாம். அதனை அகற்றி 1993 ஏப்பிரல் முதலாம் நாள் கொண்டுவரப்பட்டதே கவுன்சில் வரி. இங்கிலாந்தில் வீடுகளை ஏ முதல் எச் வரை எட்டுப் படிகளாக வகுத்தனர். வகுப்பதற்கு எடுத்துக்கொண்டது 1991 ஏப்பிரல் முதலாம் நாளின் விலையை. பிற்காலத்தில் கட்டப்படும் வீட்டுக்குங்கூட, அன்று அது இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும் என்றே கணக்கிடுகிறார்கள். ஒரே கவுன்சிலின் எல்லைக்குள் மேற்படியிலுள்ள மாளிகை செலுத்துவது அடிப்படியிலுள்ள சிறு குடியிருப்பு செலுத்துவதைப் போல் மூன்று மடங்கே. நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுத்த சக்கேயு இந்தக் கணக்கைப் பார்த்தால் என்ன சொல்வாரோ!

எங்கள் குடியிருப்பு சீ படியில் இருந்தது. 2022 ஏப்பிரலில் வந்த பற்றுச்சீட்டு 1,480 பவுண். பத்துத் தவணை, மாதம் 148. இரண்டு தவணை செலுத்தினோம்.

அப்போது எங்களுக்கு இருந்த மற்றக் கடன்களையும் சொல்லிவிட வேண்டும். கடனட்டைகள் இரண்டில் 6,300 பவுண். வங்கிக்கடன் ஒன்று, மாதம் 190. மைத்துனரிடம் கைமாற்றாக வாங்கிய 2,000. இவை எல்லாவற்றுக்கும் மேலாகச் சீட்டு. இருபது பேர் சேர்ந்து மாதம் 250 பவுண் கட்டும் சீட்டு அது. எங்கள் பங்கைச் சேர்ந்த அக்கா ஒருவர் நடத்தினார். மூன்றாம் மாதமே 800 பவுண் கழிவு விட்டு 4,200ஐ எடுத்தோம். ஊரில் சகோதரிக்கு அவசரச் சத்திரசிகிச்சை. அரசாங்க ஆசுபத்திரிகளில் மருந்து இல்லை என்ற காலம் அது. பெற்றோல் வரிசை, எரிவாயு வரிசை, பால்மா வரிசை என்று தொலைபேசியில் கேட்டபடியே இங்கு சாப்பிட உட்காருவோம். அந்த ஆண்டு ஏப்பிரல் 12ஆம் நாள் இலங்கை அரசு தன் வெளிநாட்டுக் கடன்களைத் தற்போதைக்குச் செலுத்த இயலாது என்று உலகுக்கு அறிவித்தது. நாங்கள் யாருக்கும் அறிவிக்கவில்லை.

அதே ஆண்டில் மின்சார, எரிவாயுச் செலவு ஏறியதற்காக ஏ முதல் டீ வரையான படிகளில் உள்ள இங்கிலாந்து வீடுகளுக்குக் கவுன்சில் வழியாக 150 பவுண் கிடைத்தது. எங்கள் கணக்கில் அது வந்த மாலையே ஊருக்கு அனுப்பிவைத்தோம். கவுன்சில் தந்த பணத்தைக் கவுன்சிலுக்கே செலுத்தியிருந்தால் ஒரு தவணை தீர்ந்திருக்கும் என்பது அப்போது தோன்றவில்லை.

யூனில் எங்களில் ஒருவருக்கு வேலைநேரம் குறைக்கப்பட்டது. எதை நிறுத்துவது என்று சமையலறை மேசையில் அமர்ந்து பார்த்தோம். சீட்டு அக்காவை ஞாயிறுதோறும் கோவில் வாசலில் காண வேண்டும். மைத்துனரின் குரல் வாரம் இருமுறை தொலைபேசியில் வரும். கடனட்டைக்காரரோ நாளொன்றுக்கு மூன்று தடவை அழைப்பார்கள். கவுன்சிலுக்கு முகமும் இல்லை, குரலும் இல்லை. கடிதம் மட்டுமே அனுப்பும். ஆகவே அதனை நிறுத்தினோம். மானத்தைக் காத்துக்கொள்கிறோம் என்றே எண்ணினோம்.

இந்த வரியின் சட்டம் மெல்லிய குரலிற் பேசும். ஆனால் விரைந்து நடக்கும். 2022இல் இருந்த விதிப்படி, தவணை தவறினால் ஒரு நினைவூட்டற் கடிதம் வரும். ஏழு நாளுள் செலுத்தாவிடின், அடுத்து ஏழு நாளில் தவணை முறையில் செலுத்தும் உரிமை போய்விடும். ஆண்டு முழுவதற்குமான மிகுதி ஒரேயடியாக நிலுவையாகும். எங்களுக்கு அது 1,184. பின்னர் நீதவான் நீதிமன்ற அழைப்பாணை. நாங்கள் போகவில்லை, போகாமலே கட்டளை பிறந்தது, செலவு 105. அதன்பின் அறவிடும் முகவரிடம் ஒப்படைத்தார்கள். 2014இல் வந்த கட்டண விதியின்படி, ஒப்படைத்ததற்கு 75. அவர் வாசலில் வந்து நின்றதற்கு 235. கூட்டிப் பாருங்கள்: 1,599. இரண்டு தவணை செலுத்திய பின்னரும் ஆண்டு முழுவதற்குமான வரியைவிட அதிகமாகக் கடன்பட்டிருந்தோம். வேண்டுமென்றே செலுத்தாதவரைச் சிறைக்கு அனுப்பும் விதிகூட அப்போது இங்கிலாந்தில் இருந்தது. வேல்ஸில் அதனை 2019இல் நீக்கிவிட்டார்கள்.

முகவர் வந்தது ஒக்ரோபர் மாதம். செபமாலை மாதமாகையால் எங்கள் பங்கின் தமிழ்க் குடும்பங்கள் மாலைதோறும் ஒவ்வொரு வீட்டில் கூடிச் செபிப்பது வழக்கம். அன்று எங்கள் வீட்டு முறை. முன்னறையில் இருபதுக்கும் மேற்பட்டோர். சுரூபத்தின் பின்னாலிருந்த உறைகளை அவசரமாக அள்ளி அலுமாரியில் ஒளித்துவைத்து, மாதாவுக்குப் புதுப்பூவும் வைத்திருந்தோம். மூன்றாவது தேவ இரகசியம் தொடங்கிய வேளையில் அழைப்புமணி ஒலித்தது. வாசலுக்கு அருகே இருந்தவர், காது சற்று மந்தமான ஒரு முதியவர். யாரோ தாமதித்து வந்துவிட்டார்கள் என்று எண்ணிக் கதவைத் திறந்து, “வாங்கோ தம்பி, வாங்கோ, செபம் துவங்கிட்டுது” என்று கையைக் காட்டி உள்ளே அழைத்தார். சட்டைப்பையில் சிறு ஒளிப்பதிவுக் கருவி பொருத்திய வெள்ளைக்கார இளைஞர் ஒருவர், சொல் விளங்காவிடினும் கை விளங்கியமையால், உள்ளே வந்து சுவரோரம் நின்றார்.

பின்னரே அறிந்தோம்: இவ்வகைக் கடனுக்கு முதன்முறை வரும் முகவர் கதவை உடைத்தோ எங்களைத் தள்ளிக்கொண்டோ நுழைய முடியாது; திறந்த கதவால் அமைதியாக வந்தால்தான் உண்டு. வெளியே நிறுத்திப் பேசும் உரிமை எங்களுக்கு இருந்தது. அந்த முதியவரிடம் இதனை நாங்கள் ஒருபோதும் சொல்லவில்லை.

கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தோம். நாம் தமிழில் சொல்லும்போது தீமையும் பாவமுமே மனத்தில் முன்னிற்கின்றன. மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் அவ்விடத்தில் நிற்பதோ கடன் என்னும் வணிகர் சொல். அதனை முன்னரே ஒரு மறையுரையில் கேட்டிருந்தோம். அன்றைக்கு அந்த வரி வந்தபோது எங்கள் இருவர் குரலும் எழவில்லை.

அந்த இளைஞர் கெட்டவர் அல்லர். பத்து மணிகள் முடியும் வரை பொறுத்திருந்தார். சமையலறைக்கு அழைத்துச் சென்று தாழ்ந்த குரலில் விடயத்தைச் சொன்னார். அடுப்பு, குளிர்சாதனப்பெட்டி, கட்டில் போன்றவற்றில் கைவைக்க அவருக்கு அனுமதி இல்லை. தொலைக்காட்சி, கதிரைத்தொகுதி, தெருவில் நின்ற பழைய கார் ஆகியவற்றை எழுதினார். மாதம் 200 செலுத்தும்வரை அவை எங்களிடமே இருக்கும். தவறினால் எடுத்துச் செல்லலாம் என்ற தாளில் ஒப்பமிட்டோம். விருந்தினருக்கென அவித்து வைத்திருந்த கடலைச் சட்டியை ஒதுக்கித்தான் அந்தத் தாளை விரிக்க இடம் கிடைத்தது. முன்னறையில் செபம் நிற்கவில்லை. ஆனால் குரல்கள் சற்று உயர்ந்தன. சமையலறையின் பேச்சு தங்கள் காதில் விழக்கூடாது என்று எண்ணினார்கள் போலும். அந்த அன்பை இன்றும் நினைக்கிறோம்.

200 பவுண் எங்களால் இயலாத தொகை. அடுத்த கிழமை சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையத்துக்குப் போனோம். 1939இல் போர் தொடங்கிய மறுநாள் பிறந்த தொண்டு அமைப்பு அது, கட்டணம் இல்லை. அங்கிருந்த மூதாட்டி, நாங்கள் ஒரு பையில் கொண்டுபோயிருந்த உறைகளை மேசையில் கொட்டச் சொன்னார். பத்தொன்பது இருந்தன. திகதி பார்த்து அடுக்கி ஒவ்வொன்றாகக் கிழித்தார். பாவசங்கீர்த்தனத்துக்கு நீண்டகாலம் போகாதவர் மனச்சோதனை செய்யும்போது உண்டாகும் உணர்ச்சியே எங்களுக்கும் உண்டாயிற்று. நான்காவது உறை யூலைத் திகதியிட்டது. வருமானம் குறைந்தவர்கள் வரிச்சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அதிலே எழுதியிருந்தது. தண்டனை என்று எண்ணி ஒளித்துவைத்தவற்றுள் உதவியும் கிடந்தது. 2013 வரையில் நாடு முழுவதற்கும் பொதுவாக ஒரு சலுகை இருந்ததாம். அதன்பின் உழைக்கும் வயதினருக்கு ஒவ்வொரு கவுன்சிலும் தானே திட்டம் வகுப்பதால், ஒரே தெருவின் இரு பக்கமும் இரு வேறு கவுன்சில்களாயின் இரு வேறு நியாயம் இருக்கும் என்று அம்மூதாட்டி சிரித்தார்.

பின்னர் ஒரு வெள்ளைத்தாளின் நடுவே நெடுக்காகக் கோடு கீறினார். இடப்பக்கம் வாடகை, கவுன்சில் வரி, மின்சாரம், எரிவாயு. வலப்பக்கம் கடனட்டைகள், வங்கிக்கடன், சீட்டு, மைத்துனர். இடப்பக்கம் தவறினால் வீடு போகும், வெளிச்சம் போகும், பொருள் போகும். வலப்பக்கத்தார் கோபிப்பார்கள், வழக்கிடவும் கூடும், ஆயினும் அவர்கள் பின்னர் வரவேண்டியவர்கள் என்றார். நாங்கள் முழுவதையும் தலைகீழாகச் செய்திருந்தோம். வலப்பக்கத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள், சீட்டுக் கட்டாவிடின் எங்களைப் போன்ற ஒரு குடும்பத்துக்கே நட்டம், அவர்களை எப்படிப் பின்தள்ளுவது என்று கேட்டோம். அவர் உடனே பதில் சொல்லவில்லை. எங்கள் வேலை என்ன என்று கேட்டார். எங்களில் ஒருவர் முதியோர் இல்லத்தில் இரவுப்பணி. அங்குள்ளோரில் பலருக்குக் கட்டணம் செலுத்துவது யார் என்று வினவினார்.

கவுன்சில்தான். முதியோர் பராமரிப்பு இந்நாட்டுக் கவுன்சில்களின் மிகப் பெரிய செலவுகளுள் ஒன்று என்பதை அந்த வேலையைச் செய்துகொண்டே அறியாதிருந்தோம். இரவு இரண்டு மணிக்கு நாங்கள் புரட்டிப் படுக்கவைக்கும் பாட்டியின் பராமரிப்பும், அதற்காக எங்களுக்குக் கிடைக்கும் சம்பளத்தில் ஒரு பங்கும் அந்தப் பழுப்பு உறைகளின் வழியாகவே வந்துகொண்டிருந்தன. முகமில்லை என்று நாங்கள் தள்ளிவைத்த கடனுக்கு ஒவ்வோர் இரவும் நாங்களே முகம் துடைத்துவிட்டோம்.

வாராந்தம் பத்துப் பவுண் என்ன என்று கேட்டார். கோவிற் காணிக்கை என்றோம். ஆண்டுக்கு 520 என்று எழுதிவிட்டு, அவ்வளவையும் நிறுத்தும்படி தான் சொல்லமாட்டேன் என்றார். நாங்களே ஒரு பவுணாக்கினோம். இலக்கமிட்ட உறையாதலால் எண்ணுபவருக்குத் தெரிந்திருக்கும். ஒட்டும்போது கை கூசியது. எவரும் ஒன்றும் கேட்கவில்லை.

2021 மே 4ஆம் நாள் தொடங்கி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ‘மூச்சுவிடும் அவகாசம்’ என்றொரு சட்ட ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. தகுதியுள்ள ஆலோசகர் ஒருவர் வழியாக விண்ணப்பித்தால் அறுபது நாள்களுக்குக் கடன்காரர்கள் அறவிடவும், வட்டியோ கட்டணமோ ஏற்றவும் முடியாது. அதனை எங்களுக்குப் பெற்றுத் தந்தார். ஆனால் ஒரு நிபந்தனை: எல்லாக் கடனையும் சொல்ல வேண்டும், ஒவ்வொரு கடன்காரருக்கும் அறிவித்தல் போகும். சீட்டு அக்காவுக்கும் அரசாங்கத் தாள் போகும் என்ற எண்ணமே எங்களை நடுங்கவைத்தது. தாள் போகுமுன் நாங்கள் போவோம் என்று அன்றிரவே அவர் வீட்டுக்குப் போனோம்.

எல்லாவற்றையும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. “இதை முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளையள்” என்றார். அடுத்த முறைக்குக் காத்திருக்கும் குடும்பத்துக்குத் தான் பொறுப்பு என்றும், நாங்கள் பாதியாகக் கட்டி இரட்டிப்புக் காலத்தில் முடிக்கலாம் என்றும் சொன்னார். அந்தப் பொறுப்பு அவருக்கு எவ்வளவு பாரம் என்பதை அவர் சொல்லவில்லை; நாங்களும் கேட்கத் துணியவில்லை. தேநீர் தந்தார். இரண்டு ஞாயிறு கழித்து, பூசை முடிந்து எல்லோரும் போனபின், அந்த நிலையத்துக்கு எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று எங்களிடம் மெதுவாக விசாரித்தார்.

அறுபது நாள்களின் முடிவில் கவுன்சில் விடயத்தை முகவரிடமிருந்து திரும்பப் பெற்று, கட்டணங்கள் உட்பட 1,599ஐயும் மாதம் 100ஆகச் செலுத்த இசைந்தது. கடனட்டைக்காரர் வட்டியை நிறுத்தினர். மைத்துனர் சிறிது காலம் முகங்கொடுத்துப் பேசவில்லை, பின்னர் பேசினார். ஊருக்கு அனுப்புவதைக் குறைத்தோம். ஏன் என்று அங்கு விளங்கப்படுத்திய தொலைபேசி உரையாடலே எல்லாவற்றிலும் கடினமானது. அதை எழுத மனம் வரவில்லை.

2023 ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஒரு வாரநாள் பூசையில், ஆலயவரி கேட்டவர்களைப் பற்றிய நற்செய்தி வாசிக்கப்பட்டது. இந்நிகழ்ச்சி மத்தேயுவில் மட்டுமே உண்டு. அவர் சுங்கச்சாவடியிலிருந்து எழுந்து வந்தவர் என்பது மரபு. உங்கள் போதகர் வரி செலுத்துவதில்லையா என்று கேட்டதும், கையில் காசு இருக்கிறதா என்று பாராமலே பேதுரு ஆம் என்றுவிடுகிறார். பிள்ளைகள் செலுத்த வேண்டியதில்லை என்று விளக்கிய பின்னும் இயேசு செலுத்தவே செய்கிறார். மீனின் வாயிலிருந்த நாணயம் இருவருக்குரிய வரிக்குச் சரியாகப் போதுமானது, மிச்சம் இல்லை. முன்பெல்லாம் இதனைக் கேட்கும்போது மீனையே நினைத்திருக்கிறோம். எங்களுக்கும் ஒரு மீன் வரும் என்று மாதாவின் பின்னால் உறைகளை அடுக்கியது அதனாற்றான் போலும். அன்று கேட்டபோது தூண்டில் கண்ணிற் பட்டது. பேதுரு மீனவர். தன் தொழிலுக்குரிய கடலுக்கே அவர் அனுப்பப்பட்டார். பூசை முடிந்து, எங்களில் ஒருவர் நேரே இரவுப்பணிக்குப் போனார்.

கவுன்சில் நிலுவை 2024 ஏப்பிரலில் தீர்ந்தது. அதற்கு முன்னர், இன்னும் ஆறு தவணைகள் மிகுதியாயிருந்த 2023 ஒக்ரோபரில், செபமாலை மீண்டும் எங்கள் வீட்டுக்கு வந்தது. மாதா சுவரோடு சேர்ந்து நின்றார். அந்த முதியவர் வழக்கம்போல வாசலுக்கு அருகே அமர்ந்து, மணி ஒலிக்கும் போதெல்லாம் எழுந்து கதவைத் திறந்துகொண்டிருந்தார். செபம் முடிந்து கடலை பரிமாறும்போது எங்களை அருகே அழைத்துக் கேட்டார்: “போன வருசம் வந்த அந்த வெள்ளைக்காரத் தம்பி இந்தமுறை வரேல்லையோ? நல்ல பக்தியா நிண்டவர்.”